கண்காட்சி இல்லாத நாட்களில் அருங்காட்சியகத்தில் என்ன வேலை?

கேள்வி, சுருக்கமாக: திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் சிறிய அருங்காட்சியகத்தை இந்த ஆண்டு என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ஆண்டறிக்கை எழுத வேண்டும். இரண்டு கண்காட்சி நடந்தது, பள்ளிப் பிள்ளைகள் வந்து போனார்கள். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ரெட்டியார்பட்டியில் இந்த வட்டார அகழாய்வுப் பொருள்களுக்கென்று அரசின் பெரிய பொருநை அருங்காட்சியகமே எழுந்துவிட்ட பிறகு, நம்மிடம் இருக்கிற நாலு பானைக்கும் ஓலைக்கட்டுக்கும் தனி அறை தேவையா என்று நிதிக்குழுவில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

தேவை. நிதிக்குழுவுக்கு முதலில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அப்புறம் காரணங்களுக்குப் போங்கள். இதே மாவட்டத்தில் பல ஆண்டுகள் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெரிய அருங்காட்சியகத்தில் பொருள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும், பார்ப்பவர் இந்தப் பக்கம் நிற்பார். அத்தனை பேர் வந்துபோகிற இடத்தில் அப்படித்தான் வைக்க முடியும். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பொருள் வைத்த தட்டே மாணவர் மேசைக்கு வரும். உள்ளும் விளிம்பும் கறுப்பாக, வெளிப்புறம் சிவப்பாக ஒரே பானையை எப்படிச் சுட்டார்கள் என்பது எத்தனை படம் காட்டினாலும் மாணவனுக்குப் பிடிபடாது. உடைந்த பானைச் சில்லைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, உடைப்பின் நடுவே நிறம் மாறுகிற கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் 1683இல் திறந்தபோதே அடித்தளத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் இருந்தது. தொட்டும் சோதித்தும் கற்பது இந்த வகை அருங்காட்சியகத்தின் பிறவிக்குணம். பொருநை அருங்காட்சியகம் வந்ததால் உங்கள் வேலை கூடத்தான் செய்யும். அங்கே பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்கு எழுகிற அடுத்த கேள்விக்கு உங்கள் அறையில்தான் இடம் இருக்கிறது.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1876இல் ஜெர்மானியர் ஜாகோர், தாமிரபரணிக் கரையின் பழைய இடுகாட்டு மேடான ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. பிரான்ஸிலிருந்து வந்த லூயி லாப்பிக் கொண்டுபோனவை பாரிஸுக்கு. தாமிரபரணிக் கரையில் பிறந்த பிள்ளை தன் ஊர்ப் பொருளைப் பார்க்க நூறாண்டுக்கு மேல் ரயில் ஏற வேண்டியிருந்தது. இப்போது குழிகளின் மேல் கண்ணாடி பதித்து அங்கேயே காட்டுகிறார்கள், அது பெரிய ஆறுதல்தான். ஆனால் இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ரீ எடுத்தவற்றை இன்றும் ஆய்வாளர்கள் பயன்படுத்த முடிகிறதென்றால், 1915இல் அச்சான அவருடைய பொருட்பட்டியல் அதற்கு முக்கியக் காரணம். அதே மேட்டில் 2004, 2005இல் மறுபடி அகழாய்வு நடந்தது. இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. முழு அறிக்கை வெளிவரப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. அதுவரை தாழிகள் இருந்தும் பேசவில்லை.

ஆகவே ஆண்டறிக்கையில் முதலில் வர வேண்டியது பதிவேடு. கண்காட்சி அதற்குப் பின்னால்தான். உங்கள் பழைய பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ‘மண்பானை 1, நன்கொடை’ என்று ஒரு வரி இருக்கும். எந்த ஊர், வயலிலா வீட்டுப் பரணிலா, யார் கொடுத்தது, கொடுக்கும்போது என்ன சொன்னார் என்று ஒன்றும் இருக்காது. கொடுத்தவர் உயிரோடிருந்தால் இந்த ஆண்டே போய்க் கேளுங்கள். அவர் இல்லையென்றால் மகனையோ மகளையோ கேளுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், நேரில் பொருளின் படத்தைக் காட்டிக் கேட்டால்தான் நினைவு வரும். ‘அது எங்க பெரியாத்தா வீட்டுல வெதை நெல்லு போட்டு வச்ச பானை’ என்று ஒரு வரி கிடைத்தால் போதும், அந்தப் பானை வேறு பொருளாகிவிடும்.

பிறகு எண். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அந்த எண் பதிவேட்டிலும் பொருளிலும் பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் நேரே பானைமேல் எழுதாதீர்கள். பாரலாய்டு பி-72 என்கிற பிசினை அசிட்டோனில் கரைத்து, கண்ணில் படாத ஓரத்தில் சின்னதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் மையால் எண், அதற்கும் மேல் இன்னொரு பூச்சு. நாளை யாராவது எடுக்க நினைத்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். செய்ததைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்பது எல்லா வேலைக்கும் விதி. பெவிகால், செல்லோடேப், வார்னிஷ் மூன்றையும் அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

அடுத்தது, கழுவக் கூடாது என்கிற பாடம். புதிதாகச் சேருகிற மாணவர்கள் ஆர்வத்தில் செய்கிற முதல் வேலை துடைப்பதும் தேய்ப்பதும்தான். எங்களிடம் தேரிக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு கலயம் இருந்தது. உள்பக்கம் முழுக்க வெள்ளையாகக் காறைபோல் படிந்திருக்கும். பார்த்தால் அழுக்கு. அது சுண்ணாம்பு. பனம்பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் வடிகிற சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் கள்ளாகிவிடும். அந்த வெள்ளைப் படிவு ஒன்றுதான் அது பதநீர்க் கலயம் என்பதற்குச் சாட்சி. கீழே தடிமனாக, கழுத்துக்கு வர வர மெலிந்து, ஓரிடத்தில் விரல் இழுத்த தடம்கூட இருந்தது. ஒரு தேங்காய் நார் போதும், எல்லாம் போய்விடும்.

இதையே பெரிய அளவில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் பார்த்தோம். தாழிக்குள் மண்ணோடு மண்ணாகக் கிடந்த நெல் உமியை ஆய்வுக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று காலம் கிடைத்தது, 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தாழியைத் தூக்கியதும் கவிழ்த்துக் கழுவியிருந்தால் அழகான ஒரு தாழி மிஞ்சியிருக்கும், மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் ஆண்டு என்கிற பேச்சு இருந்திருக்காது. உங்கள் அறையில் மண் ஒட்டிய பொருள் ஏதாவது இருந்தால், அந்த மண்ணோடு அப்படியே பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிமேல் ‘கழுவக் கூடாது’ என்று எழுதி ஒட்டுங்கள்.

பராமரிப்பு என்று தனியாக ஒரு பருவம் கிடையாது, நம் ஊர் வானிலைதான் அட்டவணை போடும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் நமக்குக் காற்றும் புழுதியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். அந்த இரண்டு மாதமும் ஜன்னல் இடுக்கை அடைப்பதும், மென்மையான தூரிகையால் தூசியை எடுப்பதும்தான் வேலை. ஈரத்துணி ஆகாது. ஈரம் பட்ட புழுதி பொருளோடு ஒட்டிக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் உண்மையான ஆபத்து. நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில். அறையில் ஓர் ஈரப்பதமானி மாட்டி, காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை எண்ணைக் குறித்து வாருங்கள். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால் எந்த அலமாரியை எந்த மாதம் திறக்கக் கூடாது என்று தெரிந்துவிடும். செம்பு, வெண்கலப் பொருள்களைத்தான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். உலோகத்தின்மேல் படிகிற பச்சைப் படலத்தைப் பாசி என்போம்; நல்ல பாசி கரும்பச்சையாக, வழவழப்பாக, கெட்டியாக இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். இளம்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகப் பூத்து, தூரிகை பட்டதும் உதிர்ந்தால் அது வெண்கல நோய். மண்ணிலிருந்த குளோரைடு உப்பு உலோகத்துக்குள் உட்கார்ந்து, ஈரமும் காற்றும் சேரும்போது உள்ளிருந்து அரிக்கிறது. ஒரு மழைக்காலத்தில் எழுத்து முழுதும் போன காசுகளைப் பார்த்திருக்கிறேன். மருந்து போடுவது வல்லுநர் வேலை, நாம் செய்யக்கூடியது வறட்சியில் வைப்பது. காற்றுப் புகாத, கிளிப் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா மணிகளைப் போட்டு, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் மாறும் மணியாக வாங்கினால் ஈரம் குடித்ததும் காட்டிக்கொடுத்துவிடும், சூடாக்கி மறுபடி போடலாம். இரும்புக்கும் இதேதான், இன்னும் வறட்சியாக. அதற்கு எண்ணெய் தடவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் நல்லது. ஓலை நெகிழ்ந்து கொடுக்கும், பூச்சியும் அண்டாது. எழுத்துத் தெரியக் கரி பூசுகிற மையாடல் தேவையா என்பதைச் சுவடி தெரிந்தவரைக் கூட்டிவந்து காட்டி முடிவு செய்யுங்கள், பார்த்தவுடன் கரி பூச வேண்டாம். எழுத்து எங்கே மங்கியிருக்கிறது, எங்கே துளை விழுந்திருக்கிறது என்று ஏட்டுக்கு ஏடு முதலில் படம் எடுத்துவிடுங்கள். கயிறு இறுக்கக் கட்டியிருந்தால் துளையிலிருந்தே ஏடு பிளக்கும். தளர்த்திக் கட்டி, இரு பக்கமும் மரச்சட்டம் வைத்து, பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

பாய், மரப்பொம்மை, துணி இவற்றில் பூச்சி விழுந்தால் மருந்தடிக்க வேண்டியதில்லை. ஐஸ்கிரீம் கடையில் இருக்கிற பெட்டி போன்ற ஒரு உறைகுளிர்ப் பெட்டி போதும். பொருளைப் பாலித்தீனில் சுற்றி, உள்ளேயிருக்கிற காற்றை அழுத்தி எடுத்து ஒட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், நீர் உறையின் வெளிப்பக்கம் பூத்துக் காயும். நாப்தலின் உருண்டையை மட்டும் நிறுத்துங்கள், பூச்சிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது, மூச்சுக்குக் கேடு.

மூச்சு என்றதும் இன்னொன்று. தாவரவியல், விலங்கியல் துறைகள் பழைய பொருள்களை உங்களிடம் தள்ளிவிட்டிருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பழைய தாவரத் தாள்களில் மெர்குரிக் குளோரைடு தடவியிருப்பார்கள், பாடம் செய்த பறவை, விலங்குகளில் ஆர்சனிக் இருக்கும். பிள்ளைகள் தடவிப் பார்க்கிற மேசையில் அவை இருக்கவே கூடாது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி திருநெல்வேலி நகருக்குள் வந்தது. அதற்கப்புறமும் ஓர் அருங்காட்சியகத்தில் கீழ்த்தட்டில் ஓலைக்கட்டும் பதிவேடும் இருந்தால் அது நம் பொறுப்பில்லாத்தனம். கீழ்த்தட்டில் கல்லும் மண்பாண்டமும் மட்டும் இருக்கட்டும். பதிவேட்டை ஸ்கேன் செய்து, பிரதியை வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். ஆள் ஒருவர்தான், நேரம் அரை மணிதான் என்றால் எதை முதலில் தூக்குவது என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். காகிதம் நனைந்துவிட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் போடாதீர்கள்; அதே குளிர்ப்பெட்டியில் உறைய வைத்துவிட்டால், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்த நேரம் கிடைக்கும்.

கண்காட்சிக்கு வருகிறேன். ஆண்டுக்கு இரண்டு நடத்தினால் போதும், ஆனால் நம் ஊரை மட்டும் பற்றியதாக இருக்கட்டும். சிந்துவெளியின் பிளாஸ்டிக் மாதிரிகளை வாடகைக்கு வாங்கிவந்து அடுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் பனையை எடுத்துக்கொண்டு ஒரு கண்காட்சி வைத்தோம். முருக்குத்தடி, தளைநார், அரிவாள் பெட்டி என்று பனையேறுகிறவர் சாமான்கள், மேலே சொன்ன கலயம், கடவம், சொளகு, கொட்டான் என்று ஓலையில் முடைந்தவை, எல்லாம் சுற்றுவட்டார வீடுகளிலிருந்தே வந்தவை. பனையேறிய பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ‘மரத்துல ஏறுற ஆளு இதையெல்லாம் இந்த வரிசையிலயா எடுப்பான்?’ என்று கேட்டார். அவரையே நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் சொன்ன வரிசையில் மாற்றி வைத்தோம். விளக்க அட்டைகளையும் அவர் சொல்லச் சொல்லத் திருத்தினோம். அந்தக் கண்காட்சியிலிருந்து பதிவேட்டுக்குக் கிடைத்த குறிப்புகள் எந்த நூலிலிருந்தும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. வருகிறவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் ஒரு மாணவரும் கண்காட்சி முடிகிறவரை அங்கேயே இருக்க வேண்டும்.

பத்தமடைப் பாய் வைத்திருப்பீர்கள். நல்ல நெசவுப் பாய் என்றால் மடித்துக் கைப்பைக்குள் வைக்கலாம், அவ்வளவு மெல்லிசு. ஆனால் அதன் சாயத்துக்கு வெளிச்சம் எதிரி. துணி, ஓலை, காகிதம், சாயப்பொருள் இவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் போதும் என்பது பொது விதி. ஒரு தடவை போன நிறம் திரும்பாது, பட்ட வெளிச்சமெல்லாம் கூடிக்கொண்டே போகும். மூன்று மாதம் காட்டினால் எடுத்து இருட்டில் வைத்துவிட்டு வேறு பாயை வையுங்கள். ‘ஏன் மங்கலாக இருக்கிறது’ என்று கேட்பவர்களுக்கு அதே காரணத்தை ஓர் அட்டையில் எழுதிவையுங்கள், மக்கள் புரிந்துகொள்வார்கள்.

வில்லுப்பாட்டுக் குடம், உடுக்கை, சுடுமண் உருவங்கள் என்று கோயில் கொடை விழாவோடு தொடர்புள்ளவை இருந்தால் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். நமக்கு அது சேகரிப்பு, அவர்களுக்குச் சாமி. பெட்டிக்குள் இருக்கட்டும் என்று சொன்னால் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

பொதுச்சேவை என்றால் பள்ளிப் பிள்ளைகளின் வரிசை மட்டும் இல்லை. மே 18 அருங்காட்சியக நாளுக்கும் நவம்பரில் மரபு வாரத்துக்கும் அவர்கள் எப்படியும் வருவார்கள். கதவைத் தட்டிக்கொண்டு தனியாக வருகிறவரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது தாழி வாய் தெரிந்தது என்று வருவார்கள். பரணில் இருந்த ஓலைக்கட்டைக் கொண்டுவந்து, ஜாதகமா, பத்திரமா, வைத்தியமா என்று கேட்பார்கள். ஒரு டப்பா நிறையக் காசு வரும். திருவிதாங்கூர்ச் சக்கரம், டச்சுக் கம்பெனிக் காசு, நாயக்கர் காலச் செப்புக் காசு எல்லாம் கலந்திருக்கும். பாதியில் எழுத்தே இருக்காது. கொண்டுவருகிற அன்று காலைதான் பளபளவென்று இருக்கட்டும் என்று புளி போட்டுத் துலக்கியிருப்பார்கள். ‘காசைத் துலக்காதீர்கள்’ என்கிற ஒரு துண்டறிக்கையைச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் அனுப்புவதே ஓர் ஆண்டின் உருப்படியான சேவை.

இவர்களுக்கு மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். என்ன பொருள், ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்வோம், விலை சொல்ல மாட்டோம். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்ததென்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுதிக்கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருளையும், எழுபத்தைந்தாண்டு கடந்த அரிய சுவடியையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளாகப் பார்க்கிறது. அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சட்டம் என்றதும் பயந்து பொருளை ஆற்றில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதனால் முதலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொருளைப் பார்த்து மகிழ்ந்து, அப்புறம் சட்டத்தைச் சொல்லுங்கள். பார்ப்பதற்காக ஒரு நாள் வாங்கி வைத்தாலும் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

இனி அறிக்கை. பார்வையாளர் எண்ணிக்கையை ஒரு வரியில் போட்டுவிட்டு, இவற்றை விரிவாக எழுதுங்கள்: பதிவேட்டில் உள்ளவற்றில் எத்தனை அலமாரியில் இருக்கின்றன என்று சரிபார்த்தீர்கள், எத்தனைக்கு ஊரும் பெயரும் புதிதாகத் தெரிந்தது, எத்தனை பொருளின் நிலை மோசமாகி வருகிறது, எந்த மாணவர் எந்தத் தட்டை வைத்து ஆய்வேடு எழுதுகிறார், வெளியிலிருந்து யார் என்ன கேட்டு வந்தார்கள், என்ன பதில் சொன்னீர்கள். காணாமல் போனவை இருந்தால் அதையும் எழுதுங்கள். முந்தைய பொறுப்பாளரைக் காப்பாற்றுவதற்காக மறைத்தால் அடுத்த ஆண்டு அது உங்கள் தலையில் விழும்.

பணம் கேட்கும்போது கட்டடம் கேட்காதீர்கள். ஈரப்பதமானி, சிலிக்கா, அமிலமில்லாத அட்டைப்பெட்டி, குளிர்ப்பெட்டி, ஒரு ஸ்கேனர், இவற்றோடு ஓர் உதவியாளரின் சம்பளம். இவ்வளவுதான் கேட்க வேண்டும், இதில் சம்பளம்தான் முதலில். சாவி ஒருவர் பையில் மட்டும் இருந்தால் அவர் விடுப்பில் போகிற அன்று வந்தவர் திரும்பிப் போவார், மறுபடி வரமாட்டார். வாரத்தில் இரண்டு பிற்பகல், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கதவில் எழுதி ஒட்டுங்கள். தேர்வு நாளானாலும் அந்த நேரத்தில் உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும்.